இடுப்பு என்றால் ஹிப் இல்லை

என் நாற்காலியைக் கொல்லப் பார்த்தேன். அது முந்திக்கொண்டது.

சிரிக்க வேண்டாம். ஒரு சனிக்கிழமை காலையில், அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருக்கும்போது, என் ஆபீஸ் நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கி வாசலுக்கு வெளியே எறிந்தேன். எறிந்த வேகத்தில் என் முதுகுத்தண்டின் அடியில் ஏதோ பிய்ந்தது. அதற்கப்புறம் பதினொரு நாள் மருத்துவமனை, ஐந்து வாரம் தொடையில் கட்டிய மூத்திரப் பை. இப்போது நடமாடுகிறேன், அதனால் எழுதுகிறேன். அதையும் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். சமையல் மேடையில் லேப்டாப், பக்கத்தில் கடுகு டப்பா.

என் பெயர் கலைவாணி. ஊர் திருச்சி. கல்யாணமாகி சிங்கப்பூர் வந்து பதினேழு வருஷம். பொங்கோலில் பதினாலாவது மாடியில் வீடு. கப்பலில் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் டாக்குமெண்ட் வேலை பார்க்கிறேன். கப்பல் கிளம்புவதற்குள் தாள்கள் பிழையில்லாமல் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி துறைமுகத்திலேயே கிடக்கும். என் வீட்டுக்காரர் மணிவண்ணன் லிஃப்ட் பழுது பார்ப்பவர். இங்கேயே குவீன்ஸ்டவுனில் பிறந்து வளர்ந்த மனிதர், அளந்துதான் பேசுவார். இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிவிடுவேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம். நல்ல மூடில் இருந்தால் அவரை 'நீங்க' என்பேன், கோபம் வந்தால் 'நீ', தலைக்கேறினால் 'டா'. குழந்தை இல்லை. நாங்கள் இரண்டு பேர்தான்.

வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கம்பெனி சொன்ன நாளிலிருந்து நான் நடப்பதே நின்றுபோனது. முன்பாவது எல்.ஆர்.டி.க்கு ஓடுவேன், ரயிலில் நின்றுகொண்டு போவேன். அப்புறம் கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கட்டில். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் சாப்பாடும் அங்கேதான். ஒன்றுக்குப் போவதைக்கூட அடக்குவேன். இந்த ஒரு ஃபைலை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பேன், அது ஐந்தாகும். இப்படி நாலு வருஷம். அடக்கி அடக்கிப் பழகினது எனக்கு எப்படி வினையாக வந்தது என்று பின்னால் சொல்கிறேன்.

வலி முதலில் சாதாரணமாகத்தான் வந்தது. எழுந்தால் பிடித்துக்கொள்ளும், நாலு அடி வைத்தால் விடும். ஒரு மாதத்தில் அது வேறு மிருகமாகிவிட்டது. பழுக்கக் காய்ச்சின கம்பியை வலது பிட்டத்தில் சொருகி, கணுக்கால் வரைக்கும் யாரோ இழுத்த மாதிரி. தும்மினால் அடி. இருமினால் அடி. பல் விளக்கக் குனிந்தால் அடி. ஒரு நாள் பேசினில் தலை இடிக்க விழுந்து, டூத் பிரஷை இரண்டாக ஒடித்தேன்.

கிளினிக்குக்குப் போக ஏது நேரம்? இங்கேதான் போனிலேயே டாக்டரைப் பார்க்கலாமே. அதே நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கண் கப்பல் லிஸ்டில், ஒரு கண் டாக்டர் முகத்தில். சின்ன வயசுக்காரர், தன்மையானவர். என்ன செய்கிறது என்று கேட்டார். திருச்சிக்காரியாகிய நான் மனசுக்குள் 'இடுப்பு வலி' என்று நினைத்து, வாயில் 'ஹிப் பெயின்' என்று சொன்னேன்.

அந்த ஒரு சொல்தான். நம் ஊரில் இடுப்பு என்றால் புடவை சுற்றுகிற இடம் முழுக்க இடுப்பு. முன்னாடி, பக்கவாட்டில், பின்னாடி எல்லாம். பிரசவ வலிக்கும் அதே பெயர், அந்தக் கொடுப்பினை எனக்கு இல்லை. குனிந்து நிமிர முடியாமல் முதுகின் அடியில் பிடித்தாலும் 'இடுப்பு பிடிச்சுக்கிச்சு' என்போம். இங்கிலீஷில் ஹிப் என்றால் அது கிடையாது. தொடை எலும்பின் குண்டு போய் உட்காருகிற மூட்டு, அது மட்டும்தான். முப்பது வருஷமாக ஹிப் ஹிப் என்று சொல்லியிருக்கிறேன், ஒருத்தரும் திருத்தியதில்லை. ஏனென்றால் கேட்டவர்கள் எல்லாரும் நம் ஆட்கள்.

போனில் அந்த டாக்டருக்குத் தெரிந்தது என் முகமும் அந்தச் சொல்லும்தான். எழுந்து திரும்பிக் காட்டியிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். எழுந்திருக்கச் சோம்பல். ஹிப் மூட்டுக்கு எக்ஸ்ரே எழுதினார். போய் எடுத்தேன், மூட்டு பளிங்கு மாதிரி இருந்தது. தசைப்பிடிப்பாக இருக்கும் என்று மாத்திரையும், மூட்டுக்கு உடற்பயிற்சிப் படமும் அனுப்பினார். நாலு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு, வலிக்காத மூட்டுக்கு உடற்பயிற்சி செய்தேன்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போனபோது, எண்ணெய் தேய்த்துவிடும் ஓர் அம்மாவிடம் போனேன். எங்கே வலி என்று கேட்டார், இடுப்பு என்றேன். அவர் கை நேராக, அம்பு மாதிரி, சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது. எனக்கு ஆறுதலாக இருந்தது. அடுத்த நிமிஷம் முழங்கையை அதே இடத்தில் ஊன்றி மொத்த உடம்பையும் இறக்கினார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துப் பூக்கடைக்காரர் எட்டிப் பார்த்தாராம். அந்த அம்மாவுக்கு இடம் தெரிந்திருந்தது, என்ன செய்யக்கூடாது என்று தெரியவில்லை. டாக்டருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், நான்தான் இடத்தை மாற்றிச் சொல்லிவிட்டேன்.

கடைசி வாரம் இடது காலிலும் இறங்கியது. ஒன்றுக்குப் போனால் முக்க வேண்டியிருந்தது, சொட்டுச் சொட்டாக வந்தது. அடக்குகிற பழக்கத்தால் வந்த கோளாறு என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். உட்காருகிற இடம் லேசாக மரத்த மாதிரி இருந்தது. நாள் முழுக்க உட்கார்ந்தால் மரக்காதா என்று அதையும் தள்ளினேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது.

சனிக்கிழமை வந்தது. லீவு நாள். மேனேஜர் ஒரே ஒரு ஃபைல் என்று மெசேஜ் போட்டார். இட்லியை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பிட்டம் நாற்காலியில் பட்டதும் இரண்டு காலிலும் ஒரே நேரத்தில் அந்தக் கம்பி பாய்ந்தது. எனக்குக் கண் இருட்டியது, பிறகு சிவந்தது. சனியனே, நீதானே என்னைத் தின்றாய் என்று எழுந்து அந்த நாற்காலியை உதைத்தேன். உருண்டு போய்ச் சுவரில் இடித்துத் திரும்பி என்னிடமே வந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஜன்னல் வழியாகப் போட்டிருப்பேன், ஆனால் இந்த ஊரில் மாடியிலிருந்து ஒரு டிஷ்யூ விழுந்தாலே போலீஸ் வரும். அதனால் அடியோடு தூக்கி, உடம்பை முறுக்கி, வாசல் வழியாக காரிடாரில் எறிந்தேன்.

சடக் என்றது. நாற்காலி என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால் நான் தரையில் கிடக்கிறேன்.

மணி குளியலறையிலிருந்து துண்டோடு ஓடி வந்தார். தூக்கப் பார்த்தார், கையைக் கடித்தேன். நிஜமாகவே கடித்தேன். ஆம்புலன்ஸ் வந்தது, ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். மருத்துவமனை போகிற வழி முழுக்க அவர் தோளில் குத்திக்கொண்டே போனேன். ஒவ்வொரு ஸ்பீட் பம்புக்கும் ஒரு குத்து. அவர் தோளைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்து கொடுத்தார்.

எமர்ஜென்சியில் முதல் கேள்வி, என்ன பிரச்சினை. நான் புத்திசாலியாக அதே பாட்டைப் பாடினேன். ஹிப் பெயின், இரண்டு மாசம், எக்ஸ்ரே நார்மல். வலிக்கு ஊசி போட்டு ஒரு திரைக்குப் பின்னால் படுக்க வைத்தார்கள். எனக்கு முன்னால் நெஞ்சு வலிக்காரர்கள், ரத்தக் காயக்காரர்கள். மூட்டு வலிக்காரி காத்திருக்க வேண்டியதுதானே, நியாயம்தான். ஊசி வலியை அடக்கியது. வலி அடங்கியதும்தான் இடுப்புக்குக் கீழே எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது தெரிந்தது. மருந்தின் வேலை என்று நினைத்து நிம்மதியாகப் படுத்திருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து ரத்த அழுத்தம் பார்க்க ஒரு நர்ஸ் வந்தாள். சாந்தி என்று பெயர், மலேசியாவின் ஜொகூர்ப் பெண். நான் தமிழில் மணியைத் திட்டுவதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வந்தவள், எங்கே வலி என்று கேட்டாள். இடுப்பு என்றேன். கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். அதில் ஹிப் என்று இருந்தது.

"அக்கா, வாயால சொல்ல வேணாம். கையை வச்சுக் காட்டுங்க."

கஷ்டப்பட்டு ஒருக்களித்து, முதுகின் அடியில், தண்டு முடிகிற இடத்தில் கையை வைத்தேன். அவள் சிரிப்பு போய்விட்டது.

"இது ஹிப் இல்ல லா அக்கா. இது பேக். கடைசியா எப்ப ஒன்னுக்குப் போனீங்க?"

"நேத்து சாயங்காலம்."

"காலையில கழுவும்போது, அங்க கை பட்டது தெரிஞ்சுதா?"

மணியைப் பார்த்தேன். அவர் திரைச்சீலையைப் பார்த்தார். பதினேழு வருஷத்தில் அவரிடம்கூட நான் அந்த இடத்தைப் பற்றிப் பேசியதில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அவள் கண்ணில் இருந்த ஏதோ ஒன்று என்னைப் பயமுறுத்தியது.

"தெரியலை," என்றேன்.

அவள் ஓடவில்லை. ஓடாமல் அவ்வளவு வேகமாக ஒருத்தர் நடந்து நான் பார்த்ததில்லை. இரண்டு நிமிஷத்தில் என் கட்டிலைச் சுற்றி நாலு பேர். ஒரு டாக்டர் ஊசி முனையால் தொடைக்குள் குத்திக் குத்திக் கேட்டார். குத்துகிறாரா, தொடுகிறாரா, ஒன்றும் தெரியவில்லை. ஆசனவாயில் விரல் விட்டு இறுக்கச் சொன்னார். இறுக்கினேன் என்று நினைத்தேன், அவர் மறுபடியும் இறுக்கச் சொன்னார். அடிவயிற்றில் ஸ்கேன் வைத்துப் பார்த்தால் மூத்திரப்பை ஊதிப்போய்க் கிடக்கிறது, ஏறக்குறைய ஒரு லிட்டர். அவ்வளவு நிறைந்தும் எனக்கு முட்டவில்லை. ட்யூப் போட்டார்கள். அது உள்ளே போனதுகூடத் தெரியவில்லை. பை நிறைகிறதை நான் யாரோ மாதிரி வேடிக்கை பார்த்தேன்.

அடுத்து எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் தள்ளி, தலைமாட்டில் சுத்தியலால் தகரத்தை அடிக்கிற மாதிரி அரை மணி நேரம். அசையக்கூடாது என்றார்கள். அசைந்தால் காலம் போகும், காலம் போனால் நரம்பு போகும். அந்தச் சத்தத்துக்குள் எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி முடித்தேன். சாமி பெயர் சொல்லியிருக்கலாம், அந்த நேரம் வாயில் வரவில்லை.

சர்ஜன் சீனர், ஐம்பது வயசிருக்கும். படத்தைக் காட்டி ஒவ்வொன்றாகச் சொன்னார். முதுகெலும்புகளுக்கு நடுவே ஒவ்வொரு மெத்தை இருக்கிறது, டிஸ்க் என்று பெயர். ஓரம் கெட்டி, நடுவில் கூழ். காயா டோஸ்டை, அதுதான் தேங்காய் ஜாம் தடவின ரொட்டியை, ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் காயா பிதுங்குமே, அதுதான் நடந்திருக்கிறது என்றார். பிதுங்கியது சின்னதாக இல்லை, மொத்தமாக வெளியே வந்து, கீழே போகிற நரம்புக் கொத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது. குதிரை வால் மாதிரித் தொங்கும் கொத்து அது. கால், மூத்திரம், மலம், தாம்பத்தியம் எல்லாவற்றுக்கும் அந்த வாலின் வழியாகத்தான் சேதி போய் வர வேண்டும். மூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

உடனே வெட்டி எடுக்க வேண்டும் என்றார். நடப்பீர்கள், அனேகமாக. மற்றது திரும்புமா என்று சத்தியம் செய்ய முடியாது. திரும்பாவிட்டால் ஆயுசுக்கும் தினம் நாலைந்து தடவை நீங்களே ட்யூப் விட்டு மூத்திரம் எடுக்க வேண்டியிருக்கும். நாற்பத்து நாலு வயசில் எனக்கு அதைச் சொன்னார். கையெழுத்துப் போட பேனா கொடுத்தார்கள். தாள் கிழிகிற மாதிரிப் போட்டேன்.

மதியம் இரண்டு மணிக்கு உள்ளே போனேன், கண் விழிக்கும்போது வெளிச்சம் இன்னும் இருந்தது. முதலில் கால் விரலை ஆட்டினேன். ஆடியது. அந்தக் கம்பி வலி போயிருந்தது, சுத்தமாகப் போயிருந்தது. இரண்டு மாசம் என்னை அடித்து உதைத்த வலி இல்லாமல் முதல் தடவையாக மூச்சு விட்டேன். ஆனால் இரண்டு தொடைக்கும் நடுவே, உட்காருகிற இடம் முழுக்க, ஒன்றுமே இல்லை. இரவல் வாங்கின உடம்பு மாதிரி இருந்தது.

வார்டில் மூன்றாம் நாள் பிசியோ பெண் வந்து வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தாள். நின்றதும் சரிந்தேன். ஏன் என்று அவள் சொன்னது எனக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது. நாள் முழுக்க உட்கார்ந்தால் தொடையின் முன்பக்கத் தசை குறுகிப்போகும், பிட்டத் தசை வேலையை மறந்துபோகும். உடம்பின் பெரிய தசை அது, அதை நான் வெறும் மெத்தையாக வைத்திருந்தேன். பிட்டம் வேலை செய்யாவிட்டால் அதன் பாரத்தையும் கீழ் முதுகே சுமக்கும். டிஸ்குக்கு உள்ளே ரத்தக்குழாய் கிடையாதாம். நாம் அசைந்தால்தான் அது அமுங்கி விரிந்து, ஸ்பாஞ்ச் மாதிரி நீரையும் சத்தையும் உறிஞ்சும். கூனிக்கொண்டு அசையாமல் இருந்தால் பட்டினிதான். உட்கார்ந்ததால் மட்டும் இது வந்தது என்று சொல்ல மாட்டேன், ஆயுசுக்கும் உட்கார்ந்தும் ஒன்றும் ஆகாதவர்கள் இருக்கிறார்கள் என்றாள். ஆனால் நாலு வருஷம் அசையாத முதுகு, ஒரு நாள் காலையில் முறுக்கிக்கொண்டு பாரம் தூக்கினால் எதைக் கொண்டு தாங்கும் என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அதுவே அதிசயம்.

நாலாம் நாள் ட்யூபை எடுத்துப் பார்த்தார்கள். ஆறு மணி நேரத்துக்குள் தானாக வர வேண்டும். தண்ணீர் குடித்தேன், குழாயைத் திறந்துவிட்டேன், முக்கினேன், கெஞ்சினேன். ஒரு சொட்டு வரவில்லை. ட்யூபைத் திரும்பப் போட்டார்கள்.

மணி தினமும் சாயங்காலம் வேலை முடிந்து சீருடையோடு வருவார். கையில் கிரீஸ் வாசம், பையில் ஃபிளாஸ்க் ரசம், வீட்டு எவர்சில்வர் டம்ளர். பிளாஸ்டிக்கில் ரசம் குடித்தால் எனக்குப் பிடிக்காது என்று யாரும் கேட்காமலே டம்ளர் கொண்டுவந்தார். அப்புறம் ஒரு வேலையை அவராகவே ஏற்றுக்கொண்டார். டாக்டர்கள் குத்திப் பார்த்தார்களே, அந்தச் சோதனையை நர்ஸிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு, ஒரு பக்கம் முனையும் ஒரு பக்கம் மொட்டையுமான குச்சியை வாங்கி வைத்துக்கொண்டார். லிஃப்டில் எந்த மாடி பட்டன் வேலை செய்கிறது என்று பார்க்கிற மாதிரி, குதிகாலிலிருந்து தொடங்கிப் பின்தொடை வரைக்கும். கண்ணை மூடு, குத்துறேனா, தடவுறேனா. நான் சொல்வதை நோட்டில் குறிப்பார்.

ட்யூபைத் திரும்பப் போட்ட மறுநாள் சாயங்காலம். கண்ணை மூடினேன். தடவுறீங்க என்றேன். மறுபடி கேட்டார், தடவுறீங்க. மூன்றாவது தடவையும் அதேதான். அப்புறம் சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தால் என் பின்தொடையில் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள், ஒன்றில் துளி ரத்தம். அவர் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தார். "குத்தினேன்," என்றார் மெதுவாக.

எனக்குத் தலைக்கேறியது. யார் மேல் கோபம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நாற்காலி மேலா, அந்த ஹிப் என்ற சொல் மேலா, செத்துக் கிடக்கிற என் சதை மேலா. கையில் டம்ளர் இருந்தது. போடா என்று கத்திக்கொண்டே முழு பலத்தோடு எறிந்தேன். இரண்டடி தூரம்தான். விளிம்பு அவர் நெற்றியில் பட்டது. ரசமும் ரத்தமுமாக முகத்தில் வழிந்தது. எதிர்க் கட்டில் சீனப் பாட்டி ஐயோ என்று போர்வையை இழுத்துக்கொண்டார்.

அவர் டம்ளரை எடுத்து மேசையில் வைத்தார். டிஷ்யூவை நெற்றியில் அழுத்திக்கொண்டு கீழே எமர்ஜென்சிக்குப் போனார். ஒன்றரை மணி நேரம் கழித்து மூன்று தையலோடு வந்தார். என்ன சொன்னீங்க அவங்ககிட்ட என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"லிஃப்ட் கதவுல முட்டிக்கிட்டேன்னு சொன்னேன்."

அழுதேன். இத்தனை வலியிலும் அழாதவள் அன்றைக்குத் தலையணை நனைய அழுதேன். வலி வந்தால் எதையும் செய்யலாம் என்று நினைத்திருந்தேன். செய்யக் கூடாது. கோபக்காரி என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, அந்தத் தையலைப் பார்த்ததும் அந்தப் பெருமை செத்தது. மன்னிப்புக் கேட்டேன். சரி, கண்ணை மூடு, இடது கால் பாக்கி இருக்கு என்றார்.

பதினோராம் நாள் வாக்கரோடும் தொடையில் கட்டிய பையோடும் வீட்டுக்கு வந்தேன். ஐந்து வாரம் கழித்து மறுபடி ட்யூபை எடுத்துப் பார்ப்போம், அப்போதும் வராவிட்டால் நீங்களே ட்யூப் விடக் கற்றுக்கொடுப்போம் என்று அனுப்பியிருந்தார்கள். காரிடாரில் என் நாற்காலியைக் காணோம். யாரோ எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறார்கள், பாவம்.

வீட்டில் குச்சி சோதனை நிற்கவில்லை. நோட்டில் நாளுக்கு ஒரு பக்கம். தடவுறீங்க, தடவுறீங்க, தெரியலை, தெரியலை. நாலாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குப்புறப் படுத்து அவரைத் திட்டாமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தேன். பின்தொடையில், பிட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, சுருக்கென்று ஒன்று.

"வலிக்குதுடா!"

திரும்பின வேகத்தில் அவர் கையில் ஓங்கி ஓர் அடி. அடித்தபிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. அவர் குச்சியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். நெற்றித் தழும்பு சிவந்திருந்தது. "இன்னொரு தடவை குத்தவா?" என்று கேட்டார். குத்துங்க என்றேன். குத்தினார். வலித்தது. இன்னும், இன்னும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஆனால் தொடை வேறு, மூத்திரப்பை வேறு. ஒன்று வந்தால் மற்றது வரும் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை.

அந்த நாள் வந்தது. காலை எட்டு மணிக்கு கிளினிக்கில் ட்யூபை எடுத்தார்கள். மதியம் இரண்டு வரை நேரம். தண்ணீர் குடிக்க வேண்டும், போக வேண்டும், அளக்க வேண்டும், மிச்சம் எவ்வளவு என்று ஸ்கேன் பார்க்க வேண்டும். மணி லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். பத்து மணிக்கு உள்ளே போனேன், வரவில்லை. பதினொன்றரைக்குப் போனேன், வரவில்லை. நர்ஸ் ஒரு சின்ன பாக்கெட்டை மேசையில் எடுத்து வைத்தாள். நானே விட்டுக்கொள்ள வேண்டிய ட்யூப். அதைப் பார்த்ததும் பழைய கோபம் கை வரைக்கும் வந்தது. எறியவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு மணிக்கு மூன்றாவது தடவை. இந்தத் தடவை மணி கழிவறைக் கதவு வரைக்கும் கூடவே வந்தார். பிரசவ அறை வாசலில் நிற்கிற ஆள் மாதிரி நின்றார். கதவைச் சாத்தினேன். உட்கார்ந்தேன். முக்கக் கூடாது என்று பிசியோ பெண் சொல்லியிருந்தாள், முக்கவில்லை. திட்டவும் இல்லை. அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு, நாலு வருஷமாக உன்னை அடக்கினேன், இப்போது போ என்று அதனிடம் சொன்னேன்.

முதலில் லேசாக முட்டுகிற மாதிரி இருந்தது. அது இருந்ததே எனக்குப் பெரிசு. பிறகு ஒரு சொட்டு. நின்றுவிட்டது. இன்னொன்று. அப்புறம் அளவுப் பாத்திரத்தில் சடசடவென்று, நிற்காமல், மழை மாதிரி. அதன் சூடு தோலில் பட்டது தெரிந்தது.

கதவுக்கு வெளியே தொம் என்று ஒரு சத்தம்.

"மணி, என்ன சத்தம்?"

அவர் பேசினபோது குரல் உடைந்திருந்தது.

"ஒன்னுமில்லை. கதவுல முட்டிக்கிட்டேன்."